பழைய ஜட்ஜ் எதிர்த்தரப்பு வக்கீலாக வந்தால்…

வாசகர் கடிதம்:

வக்கீல் அய்யாவுக்கு வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரும் என் பெயரும் போட வேண்டாம். கரையை ஒட்டி 42 சென்ட் இடம், எங்க அப்பா 1968-ல் கிரயம் வாங்கியது. வலை காயப் போடுவதும் கருவாடு காயப் போடுவதும் அதில்தான். பக்கத்து இடத்துக்காரர் இறால் பண்ணைக்கு விற்கப் போகிறேன் என்று எங்கள் இடத்தையும் சேர்த்து வேலி போட வந்தார். தன் பெயரில் பட்டா இருக்கிறது என்கிறார். முன்சீப் கோர்ட்டில் நாங்கள் கேஸ் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போன வாய்தாவுக்கு அவர் தரப்பில் புது வக்கீல் வந்தார். பார்த்தால், அதே கட்டடத்தில் சப் ஜட்ஜாக இருந்தவர்! நாலு வருஷத்துக்கு முன்னால் மாறிப் போய், வேறு மாவட்டத்தில் ரிடையர் ஆனவராம். அவர் உள்ளே வந்ததும் டவாலி ஓடிப் போய் நாற்காலி இழுத்துப் போட்டார். எங்கள் வக்கீலே எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் அனுப்பிய நோட்டீஸ் தாளில் 'ஓய்வு பெற்ற நீதிபதி' என்று அச்சடித்திருக்கிறது. கோர்ட் வாசலில் ஒருவர், 'நீங்களும் ஒரு ரிடையர்டு ஜட்ஜைப் பிடிங்க, ஒரு லட்சம் ஆகும்' என்கிறார். மதுரையில் சட்டம் படிக்கும் என் மகனோ, 'பெரிய கோர்ட் நீதிபதிகளுக்குத் தடை இருக்கும்மா, சின்ன கோர்ட் நீதிபதிக்கு இல்லையா? ரிடையர் ஆன பிறகு இவங்க வக்கீலா வரலாமா?' என்று கேட்கிறான். எங்கள் கேஸ் அவ்வளவுதானா? நகை அடகு வைத்தாவது அந்த ஒரு லட்சத்தைப் புரட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் நகை. அது பீரோவிலேயே இருக்கட்டும். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

டவாலி நாற்காலி இழுத்துப் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைப் பழைய காலத்துக்குக் கொண்டுபோனது. நான் கறுப்புக் கோட்டுப் போட்டு மூன்றாவது வருஷம். நம் கடலோரத்து ஊர் ஒன்றில் ஓட்டுக் கட்டடக் கோர்ட். அங்கேயே நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒரு பாகப்பிரிவினைக் கேஸில் எதிர்த்தரப்புக்கு வக்காலத்துப் போட்டு வந்தார். நானும் என் சீனியரும் இந்தப் பக்கம். பெரியவர் படியேறும்போதே டவாலி, "அய்யா வந்துட்டாக" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. பழக்கம் சொல்ல வைத்தது. பெஞ்ச் கிளார்க் மேஜையில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. அது மெதுவாகப் பெரியவர் பக்கம் திரும்பியது. மேடையில் இருந்தவர் முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, பதவிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பெரியவர் வாதாட எழுந்ததும் இவருக்கு நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில், "சொல்லுங்கய்யா" என்றார். நீதிபதி ஒரு வக்கீலை அய்யா என்று அழைத்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். என் சீனியர் கேஸ் கட்டுக்குள் குனிந்துகொண்டு சிரித்தார்.

அந்தக் கேஸில் ஜெயித்தது நாங்கள்தான். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்த எதிர்த்தரப்பு ஆள் வேப்பமரத்தடியில் நின்று சத்தம் போட்டார்: "பெரியவரை மட்டந் தட்டணும்னே சின்னப் பய எழுதிட்டான்." தோற்றிருந்தால் எங்கள் கட்சிக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஆக, எப்படித் தீர்ப்பு வந்தாலும் அதை யாரும் தீர்ப்பாகப் படிக்கவில்லை. நிலம், பத்திரம், சாட்சி எல்லாம் போய், கிழவருக்கும் இளைஞருக்கும் நடந்த மல்லுக்கட்டாக அது ஆகிவிட்டது. அந்த இளம் நீதிபதி நாற்பது பக்கம் எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார்.

ஓய்வு பெற்ற நீதிபதி வக்கீலாக வரலாமா என்று யார் கேட்டாலும் நான் அந்த நாற்பது பக்கத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். பெரியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் யாரையும் மிரட்டவில்லை, கண்ணசைக்கவில்லை, ஃபேனைத் திருப்பச் சொல்லவும் இல்லை. ஆனால் திரும்பியது.

இப்போது சட்டம். உங்கள் மகன் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறான். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும், எந்த அதிகாரி முன்னாலும் வாதாட முடியாது. அரசியல் சட்டத்தின் 124-வது பிரிவு, ஏழாவது உட்பிரிவு. அதில் சந்து பொந்து இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு 220-வது பிரிவு. நிரந்தர நீதிபதியாக இருந்தவர் உச்ச நீதிமன்றத்திலும், தான் பதவி வகிக்காத மற்ற உயர் நீதிமன்றங்களிலும் மட்டும் வாதாடலாம். சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஓய்வு பெற்று மதுரைக் கிளையில் வந்து நிற்க முடியாது. 2004-ல் வந்த மதுரைக் கிளை தனிக் கோர்ட் அல்ல, சென்னையின் இன்னொரு கட்டடம்தான். எர்ணாகுளத்தில் இருக்கிற கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனால் நிற்கலாம். ராமநாதபுரத்தில் இருக்கிற முன்சீப் கோர்ட்டிலும் அவர் நிற்க முடியாது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, மகனுக்குச் சொல்லுங்கள். 1950-ல் அரசியல் சட்டம் வந்தபோது உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் முழுத் தடைதான். 1956-ல் ஏழாவது திருத்தத்தில்தான் தளர்த்தினார்கள். நல்ல வக்கீல்கள் நீதிபதியாக வரத் தயங்கினார்கள் என்பது காரணம். தயங்காமல் என்ன செய்வார்கள்? அன்றைக்கு உயர் நீதிமன்ற நீதிபதிக்கு மாதச் சம்பளம் 3,500 ரூபாய். அதே 3,500 தான் 1986 வரைக்கும்! சம்பளத்தைக் கூட்ட மனம் வராமல் தடையைத் தளர்த்திய கதை இது. அதற்கும் முந்தி, வெள்ளைக்காரன் காலத்தில், இப்படித் திரும்பி வருவதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை. சென்னையில் பாஷ்யம் அய்யங்கார் 1901-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆகி, 1904-ல் அதை விட்டுவிட்டு மறுபடி வக்கீல் தொழிலுக்கே வந்தார்.

இன்றைக்கு அந்தச் சாக்கும் பெரும்பாலும் போய்விட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிக்கு வருஷம் 13.5 லட்சம் ரூபாய், தலைமை நீதிபதியாக இருந்தவருக்கு 15 லட்சம் ஓய்வூதியம். கீழ்க் கோர்ட் நீதிபதிகளின் நிலைமை இவ்வளவு வசதி இல்லை. அறுபதில் ஓய்வு, பாதிச் சம்பளம் ஓய்வூதியம், மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறிப் பிள்ளைகள் படிப்பைக் குலைத்துக்கொண்ட வாழ்க்கை. அவர் மறுபடி கோட்டை எடுத்து மாட்டினால் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். முன்சீப், சப் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி யாருக்கும் அரசியல் சட்டத்தில் தடை இல்லை. வக்கீல் தொழிலுக்கு விதி போடுகிற இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் ஏழாவது விதி என்று ஒன்று இருக்கிறது. ஓய்வுக்கு முந்தைய மூன்று வருஷத்தில் எந்தப் பகுதியில் அதிகாரம் செலுத்தினாரோ, அந்தப் பகுதியில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குத் தொழில் செய்யக் கூடாது. அவர் வகித்த பதவிக்கு மேலான கோர்ட்டுக்கு மட்டும் விலக்கு. அதாவது சப் ஜட்ஜாக ஓய்வு பெற்றவர் அதே வளாகத்தில் மாடியேறிப் போய் மாவட்ட நீதிபதி முன்னால் வாதாடலாம். கீழே முன்சீப் கோர்ட்டில் கூடாது.

இதில் தேதிதான் எல்லாம். ஒரு பேச்சுக்கு, அவர் 2024 ஜூன் 30-ம் தேதி ஓய்வு பெற்றார் என்று வையுங்கள். பின்னோக்கி மூன்று வருஷம் எண்ணினால் 2021 ஜூலை 1. அந்த நாளுக்குப் பிறகு ஒரு மாதமாவது அவர் இங்கே சப் ஜட்ஜாக உட்கார்ந்திருந்தால், 2026 ஜூன் 30 வரை உங்கள் முன்சீப் கோர்ட்டில் அவர் கவுன் போட்டு நிற்கக் கூடாது. 2021 ஜூனிலேயே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தால் விதி அவரைத் தொடாது. 'நாலு வருஷத்துக்கு முன்னால்', 'வேறு மாவட்டத்தில் ரிடையர்' என்று நீங்கள் எழுதியதை வைத்து என்னால் கணக்குப் போட முடியாது. எந்த மாதம் இங்கிருந்து போனார், எந்த மாதம் ஓய்வு பெற்றார், இரண்டு தேதி போதும். உங்கள் வக்கீலின் குமாஸ்தாவுக்கே தெரிந்திருக்கும். குமாஸ்தாக்களுக்குத் தெரியாத மாறுதல் தேதி கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த விதியின் வாசகம் கொஞ்சம் வழுக்கும். 'மூன்று வருஷம் அதிகாரம் செலுத்திய பகுதி' என்று படித்தால் ஒரே இடத்தில் முழுசாக மூன்று வருஷம் இருந்திருந்தால்தான் தடை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் நடக்கிற ஊரில் அப்படிப் படித்தால் விதி கிட்டத்தட்ட யாரையும் பிடிக்காது. பிடிக்காத விதியை எதற்கு எழுதுவார்கள்? அதனால் நான் முதலில் சொன்ன பொருளைத்தான் கொள்வேன். ஆனால் இந்தச் சண்டை உங்கள் கேஸில் நடக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

விதியைவிட முக்கியமாக ஒன்று பார்க்க வேண்டும். அவர் இங்கே இருந்த காலத்தில் இந்த இடம் சம்பந்தமாக ஏதாவது அவர் முன்னால் போயிருக்கிறதா? உங்கள் கேஸ் இரண்டு வருஷத்துக்கு உட்பட்டது என்பதால் இதில் அவர் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் பக்கத்து இடத்துக்காரர் இதற்கு முன் வேறு யாரோடாவது அதே சர்வே எண்ணுக்கு வழக்காடி, அப்பீல் சப் கோர்ட்டுக்குப் போயிருந்தால்? அதில் ஒரு வாய்தாவுக்காவது அவர் நீதிபதியாக இருந்திருந்தால், வருஷக் கணக்கெல்லாம் தேவையில்லை; அந்த இடத்துக்கு அவர் வக்கீலாக வருவதைத் தொழில் ஒழுக்கம் ஒத்துக்கொள்ளாது. மகனிடம் சொன்னால் செல்போனில் ஈ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து எதிர்த்தரப்புக்காரர் பெயரைப் போட்டுத் தேடிக் கொடுப்பான். ஒவ்வொரு வாய்தாவும் எந்த நீதிபதி முன்னால் நடந்தது என்பது அதில் வரும். சட்டம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் இல்லை.

அந்த நோட்டீஸ் தாள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பார் கவுன்சில் விதிகளில் 36-வது விதி, வக்கீலின் பெயர்ப்பலகையிலோ கடிதத் தாளிலோ தான் நீதிபதியாக இருந்தவர் என்று காட்டக் கூடாது என்கிறது. நம் பக்கத்தில் இதை யாரும் மதிப்பதில்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரை போகிற வழியில் பார்த்துக்கொண்டே போங்கள், எத்தனை பலகையில் 'மாவட்ட நீதிபதி' என்று பெரிதாகவும் 'ஓய்வு' என்று எறும்பு அளவிலும் எழுதியிருக்கிறது என்று. எறும்பு அளவுக்கும் விதியில் இடமில்லை.

சரி, எதை எங்கே கிளப்புவது? உங்கள் வக்கீல் கும்பிட்டதில் தப்பு காண வேண்டாம். வயதுக்கும் பழக்கத்துக்கும் கொடுக்கிற மரியாதை அது, நானும் கும்பிட்டிருப்பேன். தேதிகள் உங்களுக்குச் சாதகமாக இருந்தால், ஏழாவது விதியைச் சுட்டி ஒரு பக்க மெமோ தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஓப்பன் கோர்ட்டில் கத்த வேண்டாம், ஜாடை பேச வேண்டாம். பெரும்பாலும் மெமோவின் நகல் கைக்குப் போனதுமே அவர் ஜூனியர் ஒருவர் பெயரில் வக்காலத்தை மாற்றிவிடுவார். அப்படி மாற்றிவிட்டுப் பின்னால் நின்று நடத்தினாலும் பாதி வெற்றி உங்களுக்கு. நாற்காலி இழுத்துப் போட ஆள் இருக்காது. பார் கவுன்சிலில் வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி புகார் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது சென்னைக்கு அலையும் வேலை. கருவாட்டுக் களத்தைக் காப்பாற்ற வந்தவர் அவரைத் திருத்துகிற பொறுப்பையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 24-வது பிரிவில் மாவட்ட நீதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் 'எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது' என்பதை வைத்து மாற்ற மாட்டார்கள். மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்து, என்னைச் சந்தேகப்பட்டீர்களே என்று நினைக்கிற அதே முன்சீப் முன்னால் நிற்க வேண்டி வரும். வேண்டாம்.

இப்போது அந்த ஒரு லட்சம். கோர்ட் வாசலில் யோசனை சொன்னவர் யாரோ, அவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர். 'அவங்ககிட்ட பழைய ஜட்ஜ், நம்மகிட்டயும் பழைய ஜட்ஜ்' என்று வைத்தால் சேவல் சண்டைதான் நடக்கும். உங்கள் கேஸ் நிற்கப்போவது மூன்று தாள் மேல். எதிர்த்தரப்பு பட்டாவைக் காட்டுகிறார் என்கிறீர்கள். பட்டா வரி கட்டுவதற்கான பதிவு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. நம் மாவட்டத்தில் 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைத் திருப்பி எழுதியபோது, கரையோரத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கேட்டவர் பெயரை எழுதிப் போனதும் உண்டு. கடலுக்குப் போன வீட்டில் யார் இருந்து பதில் சொல்வது? நீங்கள் அதற்கு முந்தைய பதிவேட்டைத் தோண்ட வேண்டும். ராமநாதபுரம் ஜமீன் ஒழிந்து, 1948 சட்டப்படி நிலவரி செட்டில்மெண்ட் நடந்தபோது எழுதிய 'அ' பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு யார் பெயர் இருக்கிறது? உங்கள் அப்பாவுக்கு 1968-ல் விற்றவர் பெயரோ அவர் தகப்பனார் பெயரோ இருந்தால், எதிரில் நிற்பவர் முன்னாள் சப் ஜட்ஜ் என்ன, முன்னாள் யாராக இருந்தால் என்ன? தாலுகா அலுவலகத்தில் இல்லை என்று கைவிரித்தால் கலெக்டர் அலுவலக ஆவண அறைக்கு நகல் மனுப் போடுங்கள். அதோடு 1968 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று, நிலத்தின் எல்லையை அளந்து காட்டுகிற எஃப்.எம்.பி. வரைபட நகல். வலை காயப் போடுவதைக் காட்டுகிற பழைய போட்டோ, ஏதாவது கல்யாணத்தில் எடுத்ததாக இருந்தாலும், தேடி எடுங்கள். ஒரு லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. களத்தை அளந்து படம் போட அட்வகேட் கமிஷனர் இன்னும் நியமிக்கவில்லை என்றால் அதற்கும் மனுப் போடச் சொல்லுங்கள்.

முன்சீப் தீர்ப்பு ஒருவேளை எதிராகவே வந்தாலும் சப் கோர்ட்டில் முதல் அப்பீல் இருக்கிறது. அங்கே நிலத்தையும் சாட்சியையும் திரும்ப முழுசாகப் பார்ப்பார்கள். அதற்கும் மேலே, சட்டக் கேள்வி இருந்தால், மதுரைக் கிளையில் இரண்டாம் அப்பீல். ஒரு நாற்காலியோடு முடிகிற கதை இல்லை இது.

மகனின் கடைசிக் கேள்விக்கு என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. எங்கள் பார் அசோசியேஷனிலேயே பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு நீதிபதிகள் கவர்னர் ஆவதும், ராஜ்யசபைக்குப் போவதும், கமிஷன், தீர்ப்பாயம் என்று உட்காருவதும் வக்கீல் கோட்டுப் போடுவதைவிட எனக்கு உறுத்தலாகத் தெரிகிறது. தலைமை நீதிபதியாக இருந்த சதாசிவம் 2014-ல் கேரள கவர்னர் ஆனார். ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு பெற்றார், 2020 மார்ச்சில் ராஜ்யசபை நியமன உறுப்பினர். அவர்கள் எழுதிய தீர்ப்புகளைக் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் இந்த நாட்டில் அதிகக் கேஸ் நடத்துகிற கட்சிக்காரர் யார்? அரசாங்கம். அந்தக் கட்சிக்காரர் நாளைக்குக் கொடுக்கப்போகிற நாற்காலி இன்றைக்குத் தெரிந்துவிடக் கூடாது. 1958-லேயே செதல்வாட் தலைமையில் இருந்த சட்டக் கமிஷன் தன் 14-வது அறிக்கையில் நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் அரசாங்க வேலை ஏற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்? வக்கீலாக வருகிறவராவது தன் கட்சிக்காரர் யார் என்பதை வக்காலத்தில் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டு வருகிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

அதனால் டில்லியில் போய் வாதாடுகிற முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. அங்கே அவர் நூற்றில் ஒருவர். அவரைப் பார்த்து ஃபேன் திரும்பாது. சின்ன ஊர்க் கோர்ட்தான் பிரச்சினை. முப்பது வக்கீல், இரண்டு கோர்ட், ஒரு டீக்கடை. பெஞ்ச் கிளார்க்குக்கு லீவு கொடுத்தவர், டவாலியின் மகளுக்குக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர், இன்றைக்கு மேடையில் இருக்கிற முன்சீப்பின் தீர்ப்பை அப்பீலில் புரட்டிப் போட்டவர், அவரே வந்து எதிரில் நின்றால் இரண்டு வருஷம் போதுமா? மனுஷ மனம் இரண்டு வருஷத்தில் மறக்கிற வகை இல்லை. தான் உட்கார்ந்த கோர்ட்டுக்கும் அதற்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டுகளுக்கும் மட்டும் ஆயுசுக்கும் வரக் கூடாது, வேறு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று விதியைத் திருத்தினால் யாருடைய வயிற்றிலும் அடித்தது ஆகாது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 220-வது பிரிவு தன் கோர்ட்டை ஆயுசுக்கும் பூட்டுகிறதே, சப் ஜட்ஜுக்கு மட்டும் ஏன் இரண்டு வருஷத்தில் திறக்க வேண்டும்? உங்கள் மகன் கேட்ட கேள்வியின் நடு நரம்பு இதுதான். பையன் தேறிவிடுவான்.

இந்த மாவட்டத்திலிருந்து லண்டன் வரை போன ஒரு வழக்கு உண்டு. சேதுபதி சமஸ்தானத்து ராணி சுவீகாரம் எடுத்தது செல்லுமா என்று 1868-ல் பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட், தீர்ப்புச் சொன்னது. வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால், ஏட்டில் எழுதிய சட்டத்தைவிட அதுவே மேல் என்பது அதில் வந்த விதி. இன்றைக்கும் இந்துச் சட்டம் படிக்கிறவர்கள் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது. கோர்ட் வராந்தாவிலும் அதே கதைதான். ஏட்டில் ஏழாவது விதி இருக்கிறது, வழக்கத்தில் நாற்காலி நகர்கிறது.

வேறு மாதிரி வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு பிரிவு உபசார விழாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரை ஒப்படைத்துவிட்டு, மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். அது ஊரறிந்த கதை. ஊரறியாத கதை ஒன்று எனக்குத் தெரியும். பாம்பன் பக்கம் ஒரு பெரியவர், மாஜிஸ்திரேட்டாக ஓய்வு பெற்றவர். மறுபடி கோட்டுப் போடவே இல்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால், படகு பிடிபட்ட வீட்டுப் பெண்கள் வருவார்கள். இலங்கையில் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ கோர்ட்டில் காட்டப் படகுப் பதிவுத் தாள் வேண்டும், அதிகாரப் பத்திரம் வேண்டும், யாருக்கு மனு எழுதுவது என்று தெரியாது. அவர் பென்சிலால் திருத்திக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார், விளை மீன் கொண்டுவந்தால் மட்டும் மறுக்க மாட்டார். ஒருமுறை நான் கேட்டேன், ஏன் கோர்ட்டுக்கு வருவதில்லை என்று. "நான் வந்தா டவாலி எந்திரிப்பான். பாவம், அவனுக்கு முட்டி வலி" என்றார்.

உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் அப்படி இல்லை. இருக்க வேண்டும் என்று நாம் கட்டளை போடவும் முடியாது. அந்த இரண்டு தேதியைக் கண்டுபிடித்து எழுதுங்கள், மெமோ போடலாமா வேண்டாமா என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள், அது வரத் தாமதமாகும். இறால் பண்ணை வருவதாக இருந்தால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். வேலி போட்ட இடத்துக்கு அப்படி ஏதாவது விண்ணப்பம் போயிருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று. 1968 கிரயப் பத்திரம் உங்கள் கையில் மூலமாக இருந்தால், கெட்டுப் போகக் கூடாது என்று யாராவது சொல்வதைக் கேட்டு லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சான்றாவணமாகக் குறியீடு போடவும், முத்திரையையும் மையையும் பார்க்கவும் தாள் தாளாக இருக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடிக்காமல், உப்புக் காற்றுப் படாத பெட்டியில் வையுங்கள்.